பாம்போட கண்ணு ஷார்ப்பா வரணுமா? போன்ல க்ளோஸ்-அப் எடுக்குறவங்களுக்கு சில டிப்ஸ்

இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் பண்ணினா, கழுத்தில் மலைப்பாம்பைச் சுத்திக்கிட்டு போஸ் கொடுக்குற யாராவது ஒருத்தர் வந்துடுறாங்க. செதில் செதிலா, கண்ணாடி மாதிரி மின்னுற கண்ணோட க்ளோஸ்-அப் வேற. 'நாமளும் ஒண்ணு எடுக்கலாமே'னு தோணுறது இயல்புதான்.

ஆனா, நம்ம ஊர்ல பாம்பு வளர்க்கிறதுல ஒரு சிக்கல் இருக்கு. சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்புனு இங்கே இருக்கிற பாம்புகளைப் பிடிக்கிறதும் வீட்டில் வைக்கிறதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'பெட்'டுன்னு சொல்லி விக்கிறதெல்லாம் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் போன்ற வெளிநாட்டுப் பாம்புகள் (பால் குடிக்கிறதால வந்த பேர் இல்லைங்க, பந்து மாதிரி சுருண்டுக்கிறதால வந்தது). அதையும் 2024-ல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செஞ்சாகணும். தெரிஞ்சவங்ககிட்ட பதிவு செஞ்ச பாம்பு இருந்தா, அது இரை தின்ன ரெண்டு நாளைக்கு வெளியே எடுக்கச் சொல்லாதீங்க. ஜன்னல் வெளிச்சம், பின்னாடி ஒரு கறுப்புத் துணி, போனைப் பாம்போட கண் மட்டத்துக்கு இறக்குறது... இவ்வளவு போதும்.

மத்தவங்களுக்கு நல்ல இடம், 1972-ல் ரோமுலஸ் விட்டேகர் கிண்டியில் தொடங்கிய சென்னைப் பாம்புப் பண்ணை. சேலத்துல இருந்து ஒரு நாள் ட்ரிப்தான். அங்கே கண்ணாடிதான் வில்லன். உங்க முகமும் பின்னாடி நிக்கிற குழந்தையோட டி-ஷர்ட்டும் பாம்பு மேலேயே தெரியும். அதனால லென்ஸைக் கண்ணாடியோட ஒட்டி, நேரா வைங்க. சாய்ச்சா படம் மங்கிடும். முதல்ல கர்ச்சீப்பால கண்ணாடியைத் துடைச்சுடுங்க. கண்ணாடியைத் தட்டிக் கூப்பிடுறது மட்டும் வேண்டாம்.

நிறையப் பேர் சறுக்குறது மேக்ரோ மோடில்தான். பல போன்களில் மேக்ரோ வேலை செய்ய, பொருள் சில சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கணும். பாம்பு உள்ளே ரெண்டடி தள்ளிப் படுத்திருந்தா அது பிரயோஜனமே இல்லை. 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் ஜூம் போடுங்க. பாம்போட கண்ணைத் தொட்டு, விரலை அழுத்திப் பிடிச்சா ஃபோகஸ் லாக் ஆகிடும். அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்க. இல்லைன்னா பளபளப்பான செதில் எல்லாம் வெள்ளையா வெளுத்துப்போகும். கண் ஷார்ப்பா இருந்தா, வால் மங்கினாலும் படம் நிக்கும்.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடித் தப்பிக்க வழியில்லை. கண்ணு மேல இருக்கிறது கண்ணாடி மாதிரி ஒரு செதில். சட்டை உரிக்கிறதுக்கு முன்னாடி அது நீலம் பாய்ஞ்சு மங்கலாகிடும். அந்த நேரத்துல பாம்புக்குப் பார்வை சரியாத் தெரியாது, எரிச்சலாவும் இருக்கும். அப்படிப் பார்த்தா அடுத்த கூண்டுக்குப் போயிடுங்க.

நாக்கோட ஒரு ஷாட் வேணுமா? அது வாசனை பிடிக்கத்தான் நாக்கை நீட்டுது. வாயைத் திறக்காமலே, உதட்டு நடுவில் இருக்கிற சின்ன இடைவெளி வழியா வரும். ஒருமுறை நீட்டினா மறுபடியும் நீட்டும், பர்ஸ்ட் மோடில் காத்திருங்க.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைத் தீவன மூட்டை இருக்கிற இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிச் சாரை வரும். அங்கே எடுக்கிறவங்க பத்தடிக்கு உள்ளே போகாதீங்க. ஜூம் பண்ணி, அப்புறம் க்ராப் பண்ணிக்கலாம். 'சாரையும் நல்ல பாம்பும் பிணையுது'ன்னு வாட்ஸ்அப்பில் வர்ற வீடியோக்கள் பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரைகளோட மல்லுக்கட்டுதான். அது கிடைச்சா போட்டோ எடுக்காம 4கே வீடியோ எடுங்க, அதிலிருந்தே நல்ல ஃப்ரேம் பிரிச்சுக்கலாம். வீட்டுக்குள்ளே வந்துட்டா கேமராவை விட்டுட்டு தீயணைப்புத் துறைக்கு 101 போடுங்க. கடிச்சுட்டா 108.

மேக்ரோ மோடுக்குப் பொருத்தமான பொருள் ஒண்ணு நம்ம வரப்பிலேயே கிடக்கு: பாம்புச் சட்டை. கையில் எடுக்காம, காலை வெயில் பின்னாடி இருந்து விழுற மாதிரி உக்காந்து எடுத்தா ஒவ்வொரு செதிலும் கண்ணாடிச் சில்லு மாதிரி வரும். தலைப்பக்கம் பாருங்க, கண்ணை மூடியிருந்த அந்த வட்டச் செதிலும் அதுலயே உரிஞ்சிருக்கும். எடுக்கிறதுக்கு முன்னாடி சுத்திலும் ஒரு பார்வை பார்த்துடுங்க. சட்டைக்குச் சொந்தக்காரர் பக்கத்துக் கல்லிடுக்கில் இருக்கலாம்.