ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட்

மனித உரிமைக்காகவும் சமூக நீதிக்காகவும் மலேசியாவில் நடந்துவரும் ஆவணப்பட விழா. 1993இல் உருவான ‘புசாட் கோமாஸ்’ என்னும் அரசு சாரா அமைப்பு 2003இல் இதைத் தொடங்கியது. கோலாலம்பூர் வட்டாரத்தில் முதலில் காட்டப்பட்ட படங்கள் பிறகு பினாங்கு, ஜொகூர் பாரு, கூச்சிங் எனப் பிற ஊர்களுக்கும் போயின. படம் முடிந்ததும் பார்வையாளர்களோடு கலந்துரையாடல் நடக்கும்; விழாவின் உயிர் அதில்தான் இருக்கிறது.

பிறர் எடுத்த படங்களைக் காட்டுவதோடு விழா நிற்கவில்லை. புதியவர்களிடம் கதைத் திட்டங்களைக் கேட்டு வாங்கி, தேர்வானவற்றுக்குப் பணம் கொடுத்துப் படமாக்க வைத்தது. 2007இல் விருது பெற்ற ஃபாமி ரேசாவின் ‘10 தாஹுன் செபெலும் மெர்டேகா’, 1947 அக்டோபர் 20 அன்று மலாயா முழுவதும் நடந்த கடையடைப்பின் நினைவை மீட்டெடுத்தது. மலாயா இந்தியர் காங்கிரசும் (ம.இ.கா.) இடம்பெற்றிருந்த கூட்டணி நடத்திய போராட்டம் அது. 2009இல் கோமாஸ் தயாரித்த ‘காடோ’ பள்ளி மாணவர்களிடையே எழும் இனச் சண்டையைப் பேசியது.

கோமாஸ் அமைப்பின் வரலாற்றில் தமிழர் மறக்கக் கூடாத நாள் 2013 ஜூலை 3. இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பதிவுசெய்த கேலம் மெக்ரேயின் ‘நோ ஃபயர் சோன்’ ஆவணப்படத்தைக் கோலாலம்பூரின் சீனர் அசெம்பிளி மண்டபத்தில் கோமாஸ் திரையிட்டது. உள்துறை அமைச்சு, காவல்துறை, குடிநுழைவுத் துறை அதிகாரிகள் சுமார் முப்பது பேர் உள்ளே வந்தனர். பார்வையாளர்களின் அடையாள அட்டைகள் சோதிக்கப்பட்டன. கோமாஸைச் சேர்ந்த மூவர் கைதாகி விடுவிக்கப்பட்டாலும், அவர்களில் லீனா ஹென்ட்ரி மீது மட்டும் வழக்குப் பதிவானது. தணிக்கை வாரியத்தின் அனுமதி பெறாத படத்தைக் காட்டினால் மூன்றாண்டு வரை சிறைவாசம் என்கிறது 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம். 2016 மார்ச்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. 2017இல் அவர் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டு, அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. இலங்கையின் வன்னியில் மாண்டவர்களின் கதையை மலேசியர் பார்க்க வேண்டும் என்று நினைத்ததே அவர் செய்த குற்றம்.

விழாப் பொறுப்பு பின்னர் அன்னா ஹர் தலைமையிலான ‘ஃப்ரீடம் ஃபிலிம் நெட்வொர்க்’கிடம் வந்தது. 2021இல் அது வெளியிட்ட அசைவூட்டக் குறும்படம் ஒன்று, காவலில் தான் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்ன ஒரு பதின்வயதுச் சிறுவனின் வாக்குமூலத்தைச் சித்திரமாக்கியது. ஜூலை 2 அன்று அமைப்பின் அலுவலகத்திலும் அந்தப் படத்தின் ஓவியர் அமின் லண்டாக்கின் வீட்டிலும் காவல்துறை சோதனை நடத்தியது.