தி ஹார்ட் ஆஃப் மிட்லோதியன்

வால்டர் ஸ்காட் தம் பெயரை மறைத்து 1818-இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட வரலாற்றுப் புதினம். எடின்பரோவின் பழைய டோல்பூத் சிறைக்கு ஊரார் வைத்திருந்த பட்டப்பெயரே தலைப்பு. கடத்தல்காரன் ஒருவனைத் தூக்கிலிட்ட நாளில் கூட்டத்தின்மேல் சுடவைத்த நகரக் காவல்படைத் தலைவர் ஜான் போர்ட்டியசுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதை நிறுத்திவைக்கும் ஆணை லண்டனிலிருந்து வரவே, 1736 செப்டம்பரில் மக்கள் சிறையை உடைத்து அவரைத் தாங்களே தூக்கிலிட்டார்கள். உண்மையில் நடந்த இந்தக் கலவரத்தோடு ஒரு குடும்பக் கதை பிணைகிறது. கருவுற்றதை மறைத்தவளின் குழந்தை காணாமற்போனால் கொலையென்றே கொள்ளும் 1690-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிக்குகிறாள் எஃபி டீன்ஸ். ‘என்னிடம் சொல்லியிருந்தாள்’ என்று அக்காள் ஜீனி ஒரு பொய் சொன்னால் தங்கை தப்பிவிடுவாள். ஜீனி பொய் சொல்ல மறுக்கிறாள். தங்கைக்காக அரசியிடம் மன்னிப்புக் கேட்க லண்டனுக்கு நடக்கிறாள்.

உரையாடலில் பெரும்பகுதி ஸ்காட்ஸ் மொழி. மலைநாட்டுக் கேலிக் மொழி வேறு. ஸ்காட்ஸ் பழைய ஆங்கிலத்தின் வடக்குக் கிளையில் வளர்ந்தது, இன்றைய ஆங்கிலத்துக்குப் பங்காளி. ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு அது இடறுகிறது என்பது பழைய குறை. மண்வாசனைக்காகத் தூவியதென்றால் குறை நியாயம்தான். ஆனால் இங்கே கதையே பேச்சின்மேல் நிற்கிறது. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒன்றான 1707 இணைப்போடு தங்கள் நாடாளுமன்றம் போனதை எடின்பரோ வீதியில் புலம்புபவர்கள் ஸ்காட்ஸில்தான் புலம்புகிறார்கள். தந்தை டேவி டீன்ஸ் வேதத்தையும் சமயப் பூசலையும் அதே மொழியில் வாதிடுகிறார். அடுப்படிப் பேச்சு என்று அதை ஒதுக்க முடியாது. எல்லை தாண்டிய ஜீனியோ, உடையும் உச்சரிப்பும் கேலிக்குள்ளாவதைக் கண்டு, செருப்பணிந்து, வாயைக் குறைத்துக்கொள்கிறாள். இணைப்பு ஒரு சாதாரணப் பெண்ணை என்ன செய்தது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று நூலில் இல்லை.

வலுவான மறுப்பு வேறொன்று: கதைசொல்லி எழுதுவது ஆங்கிலம், மேட்டுக்குடி பேசுவதும் ஆங்கிலம், ஆகவே ஸ்காட்ஸ் தாழ்ந்தோர் மொழியாகிவிடுகிறது. அரசி கரோலின் முன் ஜீனி உருகிப் பேசும் இடத்திலும் வழக்கு மெலிந்து ஆங்கிலத்தை நெருங்குகிறது. இதை மறுப்பதற்கில்லை, ஸ்காட்டின் துணிவு அங்கே தளர்ந்தது. ஆயினும் எஃபியின் பிற்காலத்தைப் பார்க்கவேண்டும். சீமாட்டியாகி, நாகரிக ஆங்கிலம் கற்று, பிறப்பை ஒளித்தே வாழ்கிறாள் அவள். ஒளிக்க ஏதுமற்ற அக்காளோ பிழைமலிந்த தன் எழுத்திலேயே ஊருக்குக் கடிதம் எழுதுகிறாள். மேட்டுக்குடி மொழி யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதிலேயே ஆசிரியரின் தீர்ப்பு இருக்கிறது.

ஜீனிக்கு முன்மாதிரியான ஹெலன் வாக்கர், தங்கைக்காக இப்படியே நடந்தவர், 1791-இல் மறைந்தார். ஐரன்கிரே கல்லறைத் தோட்டத்தில் 1831-இல் அவருக்கு ஸ்காட் வைத்த நினைவுக்கல்லின் வாசகம் ஆங்கிலத்தில் உள்ளது.