பிள்ளை பெயரில் போட்ட பாலிசி யாருக்குச் சொந்தம்?



நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது, கம்பத்து ஏலத்தோட்டக்காரர் ஒருவர் மகன் பெயரில் எடுத்த எல்.ஐ.சி. பாலிசியை ஈடு வைக்க வந்தார். மகனுக்கு 18 முடிந்து, அதற்கடுத்த பாலிசி ஆண்டு நாளும் கடந்திருந்தது. பாலிசி தானாகவே மகனுடையதாகிவிட்டது. "கட்டின காசு என்னுது, கையெழுத்து அவனுதா?" என்று கோபித்துக்கொண்டு போனார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தகப்பனார் தம் உயிர்மீதே பாலிசி எடுத்து, பலன் மனைவி மக்களுக்கு என்று எழுதினால், 1874-ஆம் வருஷத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 6-ஆம் பிரிவுப்படி அது அவர்களுக்கான டிரஸ்ட். அவரே நினைத்தாலும் தம் கடனுக்கு ஈடு வைக்க முடியாது. கடன்காரரும் தொட முடியாது. (கடன்காரரை ஏமாற்றவென்றே எடுத்திருந்தால், பாலிசித் தொகையிலிருந்தே தங்கள் பாக்கியை அவர்கள் கேட்கலாம்.)

இது இந்துக்களுக்கும் பொருந்துமா என்று வெகுகாலம் வழக்காடினார்கள். 1923-இல் வந்த திருத்தம் இந்து, முஸ்லிம், சீக்கியர், சமணர் எல்லோரையும் சேர்த்தது. மற்ற மாகாணங்களுக்கு 1923 ஏப்ரல் 1 முதல். சென்னை மாகாணத்துக்கு மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கே. தேனி அன்று மதுரை ஜில்லா. ஆக, நம் பள்ளத்தாக்குக்கு ஒன்பது வருஷம் முந்தியே அந்தப் பாதுகாப்பு!

வெறும் நாமினேஷன் இந்தக் காவலைத் தராது. பாலிசி எடுக்கும்போதே தனிப் படிவத்தில் எழுத வேண்டும். பின்னால் சேர்க்க இயலாது. பீரோவிலுள்ள பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

தோட்டக்காரரின் மகன் மறுவாரம் வந்து கையெழுத்துப் போட்டார். அப்பா வெளியே, பைக் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.