மகாமகக் குளக்கரையில் ஒரு கேள்வி

முதுகலைத் தமிழ் பயிலும் மாணவர் சிலருடன் கும்பகோணத்து மகாமகக் குளக்கரையில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. மண்டபங்களையும் சிற்பங்களையும் பார்த்துக் களைத்துப் படிக்கட்டில் அமர்ந்திருந்தோம். அப்போது மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, மகாமகம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதானே வருகிறது? மற்ற நாள்களில் இத்தனை படிகளும் மண்டபங்களும் யாருக்காக?" நமக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்தக் கேள்வியோடு ஊர் திரும்பிய நாம் தேடிக் கண்டவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஊரின் பொதுவிடங்களுக்கு உயிரூட்டுவதையே தொழிலாகக் கொண்ட திட்டமிடுநர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். வெறும் திடலை மக்கள் நாடி வரும் இடமாக மாற்றுவது இவர்களுடைய பணி. இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர் அமெரிக்கரான வில்லியம் வைட். நியூயார்க் நகரச் சதுக்கங்களில் மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே அமர்கிறார்கள் என்பதைப் படமெடுத்து ஆராய்ந்து, 1980இல் அவர் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். உட்கார இடம், வெயிலும் மர நிழலும், நீர், உண்பதற்கு ஏதேனும், தெருவோடு நெருக்கம் ஆகியவை அமைந்த இடங்களுக்கே மக்கள் வருகிறார்கள் என்பது அவர் கண்டது.

தமிழ் படித்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. ஊரார் கூடும் மரத்தடியை மன்றம் என்றும், பொதுவான இல்லத்தைப் பொதியில் என்றும் சங்கப் புலவர்கள் அழைத்தார்கள். இதே காவிரி கடலோடு கலக்கும் புகாரைப் பற்றிச் சிலப்பதிகாரம் தரும் செய்தி இன்னும் நுட்பமானது. வணிகரும் மீனவரும் கைவினைஞரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கம் ஒருபுறம். அரசனும் அந்தணரும் பெருங்குடியினரும் வாழ்ந்த பட்டினப்பாக்கம் மறுபுறம். இரண்டுக்கும் நடுவே, மரங்கள் நின்ற சோலையில், பகற்சந்தையாகிய நாளங்காடி அமைந்திருந்தது. நகரின் இரு பாதிகளையும் அந்தச் சந்தை இணைத்தது. வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம் முதலிய ஐவகை மன்றங்களையும் இளங்கோவடிகள் அங்கே நமக்குக் காட்டுகிறார்.

புகாரை இவ்வாறு அமைத்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. கும்பகோணத்தில் அத்தகைய ஒருவரின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் கோவிந்த தீட்சிதர். தஞ்சை நாயக்க மன்னர்களான அச்சுதப்பருக்கும் இரகுநாதருக்கும் அமைச்சராக விளங்கியவர். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தஞ்சை ஆட்சியில் அவர் கை ஓங்கியிருந்தது. 'அய்யன்' என்று மக்கள் அவரை அழைத்ததாகவும், தஞ்சையின் அய்யன்கடைத் தெரு போன்ற பெயர்கள் அதனால் வந்தவை என்றும் கூறுவர். எழுபத்திரண்டு மேளங்களை வகுத்த வேங்கடமகி இவருடைய மகன். பட்டீசுவரம் கோயிலில் தீட்சிதரும் அவர் துணைவியாரும் சிலை வடிவில் இன்றும் நிற்கிறார்கள்.

மகாமகக் குளத்தின் கற்படிகளையும் அதைச் சூழ்ந்த பதினாறு மண்டபங்களையும் அமைத்தவர் இவரே. மன்னரைத் துலாத்தட்டில் நிறுத்தி, எடைக்கு எடை ஈந்த பொன்னைக் கொண்டு மண்டபங்கள் கட்டப்பட்டன என்பது மரபுவழிச் செய்தி. குளத்தின் பரப்பு ஆறு ஏக்கருக்கும் சற்று அதிகம். இவ்வளவு பெரிய குளத்துக்கு ஒரே ஒரு பெருமண்டபம் எழுப்பியிருந்தால் மன்னருக்குப் பெருமை கூடியிருக்கும். ஆனால் நிழல் ஒரு கரையில் மட்டும் விழுந்திருக்கும். பதினாறாகப் பிரித்ததால் எந்தக் கரையில் வந்து இறங்கினாலும் ஒதுங்க ஓர் இடம் உண்டு. படிகளும் அப்படியே. நீர் ஏறினாலும் இறங்கினாலும் அடுத்த படியில் கால் நனைக்கலாம்; நீர் குறைந்த நாள்களில் அவையே இருக்கைகள். வைட் பட்டியலிட்டவற்றுள் நீர், நிழல், இருக்கை மூன்றும் இங்கே ஒருசேர அமைந்திருப்பதைக் காண்கிறோம்.

இரகுநாதர் காலத்தில் நிறைவுற்ற இராமசாமி கோயிலிலும் தீட்சிதரின் பங்கு உண்டு. அக்கோயிலைத் தூண் சிற்பங்களுக்காகவும் திருச்சுற்றில் தீட்டப்பெற்ற இராமாயண ஓவியங்களுக்காகவும் பலரும் அறிவர். அதைவிட நம்மைக் கவர்ந்தது வேறொன்று. புதிய கோயிலுக்கும் பழமையான சக்கரபாணி கோயிலுக்கும் இடையே சின்னக் கடைத்தெருவை அவர் உருவாக்கினார். கும்பிட வந்தவர் கடைத்தெரு வழியே நடப்பார். பொருள் வாங்க வந்தவர் கோயிலை எட்டிப்பார்ப்பார். புகாரின் இரு பாக்கங்களை நாளங்காடி இணைத்ததுபோல, இங்கே இரு கோயில்களை ஒரு கடைத்தெரு இணைத்தது. ஊர் எப்படி இயங்கும் என்பதை அறிந்த ஒருவரின் செயல் இது.

இங்கே நிறுத்திக்கொண்டால் பாராட்டுரையோடு கட்டுரை முடிந்துவிடும். ஆனால் மாணவர் கேட்ட "யாருக்காக?" என்ற சொல் நம்மை விடவில்லை. அன்றைய சமூகத்தில் தெருவும் குளமும் கிணறும் எல்லார்க்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை. அக்கிரகாரத் தெருக்களில் நடக்கவே பலருக்கு உரிமை மறுக்கப்பட்ட நிலை இருபதாம் நூற்றாண்டு வரை தமிழகத்தில் நீடித்தது. அந்தக் கற்களைச் சுமந்தவர்கள், செதுக்கியவர்கள் ஆகியோரின் பெயர்களும் நமக்குக் கிட்டவில்லை. சிலரைத் தள்ளி நிறுத்தும் இடத்தை, அது எத்துணை அழகாக இருப்பினும், பொதுவிடம் என்று சொல்ல நா எழவில்லை.

ஆகவே இந்த வரலாற்றில் தீட்சிதருக்குப் பக்கத்தில் இன்னொருவரையும் நிறுத்த வேண்டும். 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எவரும் நடக்கலாம், பொதுக் குளங்களையும் கிணறுகளையும் எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தொடர்ந்து எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938இல் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் பிறந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் பதினைந்தாம் பிரிவு, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே, சாதி முதலியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் படித்துறை என்ற சொல் இடம்பெற வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். தீட்சிதர் கல்லால் அமைத்ததை இவர்கள் சட்டத்தால் திறந்துவிட்டார்கள். குளம் முழுமையாகப் பொதுவானது அதன்பிறகுதான்.

திறந்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் இக்குளம் நமக்குக் கற்பித்திருக்கிறது. 1992 பிப்ரவரி 18ஆம் நாள் மகாமகத்தன்று ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ ஐம்பது பேர் உயிரிழந்தனர். எல்லாரும் ஒரே வேளையில் ஒரே நீரில் இறங்க வருவார்கள் என்றால், வரும் வழியும் வெளியேறும் வழியும் முன்கூட்டியே வகுக்கப்பட வேண்டும். 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் மகாமகம் மீண்டும் வந்தது. அடுத்தது 2028இல் வரவிருக்கிறது. ஏற்பாடுகளைப் பற்றிய பேச்சும் அதனோடு வரும். மற்ற நாள்களைப் பற்றியும் அப்போது யாரேனும் பேசினால் நன்று.

அந்த மாலையில் நாம் அமர்ந்திருந்தபோது, இரண்டு படி கீழே ஒரு பெரியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பள்ளிச் சிறுமியர் இருவர் மண்டபத்து நிழலில் புத்தகப் பையை இறக்கிவிட்டுக் கடலை கொறித்தனர். பூக்கூடையோடு வந்த அம்மையார் ஒருவர் கூடையைப் பக்கத்தில் வைத்துக் காலை நீட்டி அமர்ந்தார். எவரும் அவர்களை யார் என்று கேட்கவில்லை. எழுந்து போகச் சொல்லவுமில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் அம்மாணவரிடம் நம் விடையைச் சொன்னோம்: "தம்பி, நீ அன்று உட்கார்ந்திருந்தாயே, அந்தப் படி உனக்காகத்தான். ஆனால் அது உன் வரைக்கும் வந்து சேர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின." அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, இரட்டைமலை சீனிவாசனைப் பற்றி எந்த நூலில் படிக்கலாம் என்று கேட்டார். கும்பகோணம் செல்லும் நண்பர்கள் கோயில்களைப் பார்த்து முடித்தபின், அப்படிகளில் அரைமணி நேரம் அமர்ந்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.