பழைய மண்ணும் புதிய நாற்றும்

மருத்துவத்தில் இப்னு சீனாவையும் ஒளியியலில் இப்னுல் ஹைஸமையும் அறிந்த நாம், துலைத்துலா நகரத்து அரச தோட்டத்தில் மண்ணை ஆராய்ந்த இப்னு பஸ்ஸாலை அவ்வளவாக அறியோம். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இவ்வறிஞர் மண்ணைப் பத்து வகையாகப் பகுத்தார். 1085இல் துலைத்துலா வீழ்ந்தபின் இஷ்பீலியாவில் பணியைத் தொடர்ந்தார்.

மண் இயல்பில் குளிர்ந்தது, வறண்டது. வெயிலும் உழவும் எருவுமே அதற்கு வெம்மை ஊட்டுகின்றன என்பது அந்தலூஸ் வேளாண் நூல்களின் அடிப்படைக் கருத்து. குளிர்காலத்திலேயே காய்கறி நாற்றுக்களை எழுப்ப, மட்கும் சாணத்தைப் பரப்பி, அதன்மேல் மண்ணிட்டு விதைத்தனர். நுண்ணுயிர்கள் சாணத்தைச் சிதைக்கும்போது பிறக்கும் சூடு அது. பெருங்குவியலின் உட்புறம் 60 பாகை செல்சியசையும் எட்டும். அச்சூடு விதையை நேரே தீண்டினால் கருக்கிவிடும். ஆகவே இடையில் மண் வேண்டும். பருவம் முடிந்து சூடு தணிந்த எருவோ, அடுத்த விதைப்புக்கு மென்மையான நாற்றங்கால் மண்ணாகிவிடுகிறது.

இந்நூல்களிலிருந்துதான் நம் உழவர் கற்றனர் என நாம் வாதிடவில்லை. பெருமை தேடி இல்லாத உறவைக் கற்பிப்பது வரலாறாகாது. தொண்டை மண்டலத்துக்குத் தனி மரபு உண்டு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் அருகருகே குறிப்பிடுகின்றன. இவ்வரிசை நமக்குப் பொருத்தமாகவே படுகிறது. வயலிலிருந்து மழைநீர் அடித்துச் சென்ற மேல்மண் ஏரியில் வண்டலாகப் படிகிறது. கோடையில் ஏரி வற்றியதும் மாட்டுவண்டியில் ஏறி வயலுக்கும் தோட்டத்துக்கும் திரும்புகிறது. மண்ணை மீண்டும் பயன்கொள்ளும் முறை இதைவிட எளிதாக அமையுமா?

1763இல் நவாப் முஹம்மது அலி வாலாஜா செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். தொடர்ந்து வந்த போர்களில் ஏரிகள் பாழ்பட்டன. 1794 முதல் 1798 வரை ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் அவற்றைச் செப்பனிட முனைந்தார். மதுராந்தகம் ஏரிக்கரையோடு அவர் பெயர் இன்றும் பேசப்படுகிறது.

கோவளத்தில் தமீமுல் அன்சாரி தர்காவுக்குச் செல்வோர், அங்கிருந்து மாமல்லபுரம் வரை மணற்பரப்பையும் சவுக்குத் தோப்புகளையும் காண்பர். அம்மணல் நீரையும் உரத்தையும் தாங்காது. களியும் மட்கும் கலந்த ஏரி வண்டலே அதற்கு ஏற்ற துணை. 2017இல் உழவர்கள் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்கத் தமிழக அரசு வழிசெய்தது. ஆயினும் செங்கற்சூளைக்குப் போகும் மண் வயலுக்குத் திரும்புவதில்லை; சுட்ட மண்ணில் எதுவும் முளைப்பதுமில்லை. இவ்விழப்பை நாம் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்றே கருதுகிறோம்.

துலைத்துலாவின் குளிர் இங்கில்லை. இங்கே நாற்றுக்கு வேண்டுவது நிழல். அதனால்தான் கண்ணாடிக் கூடத்துக்கு மாறாகப் பச்சை நிழல்வலை. எனினும் வெம்மைக்கு இங்கும் ஒரு வேலை உண்டு. முந்திய பருவத்து நாற்றங்கால் மண்ணில் நாற்றழுகல் நோயின் பூசணம் தங்கிவிடும். அம்மண்ணை நனைத்து, மெல்லிய கண்ணாடித் தாளால் மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, நான்கு முதல் ஆறு வாரம் கத்திரி வெயிலில் விட்டால் பூசணம் பெரும்பாலும் மடிகிறது. ஆடிப்பட்டத்துக் கத்தரியும் மிளகாயும் அதே மண்ணில் மீண்டும் விதைக்கப்படுகின்றன.