வறட்சியில் கரிமத்தை இழக்கும் ‘பீட்’ சதுப்பு நிலங்கள்: நீலகிரி, குட்டநாடு தரும் சான்று

திருவனந்தபுரம்: உலக நிலப்பரப்பில் ‘பீட்’ சதுப்பு நிலங்களின் பங்கு சுமார் 3 சதவீதம் மட்டுமே. ஆயினும், உலகக் காடுகளின் மரம், செடி, கொடிகள் அனைத்திலும் உள்ளதைவிட அதிகமான கரிமம் இந்நிலங்களின் மண்ணில் புதைந்துள்ளது. இவற்றின் பெரும்பகுதி கனடா, ரஷியா, பின்லாந்து போன்ற வடபுல நாடுகளில் அமைந்துள்ளது.

நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் புகாது. அதனால் மடிந்த தாவரங்கள் முழுமையாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிகின்றன. ஒரு மீட்டர் அடுக்கு உருவாக ஆயிரம் ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகக்கூடும். வறட்சியில் நீர்மட்டம் இறங்கியதும் காற்று உட்புகுந்து, நுண்ணுயிர்கள் அந்த அடுக்கைச் சிதைக்கத் தொடங்குகின்றன. கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது.

வடபுலச் சதுப்புகளின் முதன்மைத் தாவரமான ஸ்பாக்னம் பாசிக்கு வேர் இல்லை. நீரிழப்பைக் கட்டுப்படுத்தும் இலைத்துளைகளும் இல்லை. ஆகவே உலர்ந்ததும் வெளிறி, ஒளிச்சேர்க்கையை நிறுத்திவிடுகிறது. அவ்விடத்தை வேருள்ள புதர்கள் பிடிக்கின்றன. புதர்ச் சருகில் உள்ள பீனால் சேர்மங்கள் மட்குதலைத் தாமதப்படுத்துவதும் உண்டு என்பதால், எல்லா இடத்திலும் இழப்பு ஒரே அளவாக இருப்பதில்லை. தீ பற்றினால் நிலைமை வேறு. 2010 கோடை வறட்சியில், முன்பே நீர் வடிக்கப்பட்டிருந்த பீட் நிலங்கள் எரிந்து, மாஸ்கோ நகரைப் புகை மூடியது.

தமிழகத்தில் நீலகிரியின் உயர்மலைப் பள்ளத்தாக்குகளில் இத்தகைய படிவுகள் உள்ளன. ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவற்றின் கரிம ஐசோடோப்புகளை ஆராய்ந்து, 1993-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய வறண்ட காலத்தில் வறட்சி தாங்கும் புல்வகைகள் மிகுந்திருந்ததும், சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது ஈரம் விரும்பும் தாவரங்கள் பெருகியதும் அதில் தெரியவந்தது. மழையின் ஏற்றத்தாழ்வைச் சேற்றிலேயே பதிவுசெய்து வைத்திருக்கும் ஆவணம் எனலாம். படிவு உலர்ந்து மட்கினால் கரிமத்துடன் அப்பதிவும் அழியும்.

கேரளத்தின் குட்டநாட்டில் உள்ள ‘கரிநிலங்கள்’ வடபுல பீட் நிலங்களை ஒத்தவை அல்ல என்றாலும் நெருங்கிய உறவுடையவை. புதைந்த மரத்துண்டுகளும் தாவர எச்சங்களும் கலந்த கருமண் அது. இம்மண்ணில் பைரைட் எனும் கந்தகத் தாதுவும் உள்ளது. நீர் வற்றிக் காற்றுப் பட்டால் அது கந்தக அமிலமாக மாறி நெற்பயிரின் வேரைத் தாக்குகிறது. எனவே, இங்குள்ள விவசாயிகள் சுண்ணாம்பு இட்டும், வயலில் நீர் நிறுத்தி அமிலத்தைக் கழுவி வெளியேற்றியுமே சாகுபடி செய்கின்றனர்.