கரண்டியும் மெழுகுவத்தியும்

சிறுநீரகத்தில் கல் என்றால் ஆளையே சுருட்டிப் போட்டுவிடும். ஆனால் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும் சிறுநீரகம் பெரும்பாலும் வலிக்காது. அதனால் இந்நோயை முதலில் அடையாளம் கண்டவர்கள், மற்றவர்கள் முகம் சுளித்துக் கொட்டியதை உற்றுப் பார்த்தவர்களாக இருந்திருக்கிறார்கள்.

ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ வாசகம் ஒன்று, சிறுநீரின் மேல் குமிழிகள் தங்கினால் அது சிறுநீரக நோய், நீண்டகாலம் இழுக்கும் என்கிறது. ஏன் என்ற கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குமேல் தெளிவான பதில் இல்லை.

1827இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் தன் நோயாளிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். உடல் வீங்கி வந்தவர்கள் சிலரின் சிறுநீரைச் சூடாக்கினால் முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டது. அவர்கள் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் சிதைந்திருந்தது. வீக்கம், புரதம், சிறுநீரகம் மூன்றையும் அவர் ஒரே நோயாக இணைத்தார். பரிசோதனைக்குத் தேவைப்பட்டது ஒரு கரண்டியும் மெழுகுவத்திச் சுடரும்தான். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. 1886இல் கவிஞர் எமிலி டிக்கின்சன் இறந்தபோது மரணக் காரணமாகக் குறிக்கப்பட்டதும் 'பிரைட்டின் நோய்'தான்.

பிரைட்டால் நோயைப் பார்க்க முடிந்தது, நிறுத்த முடியவில்லை. நம் நிலைமை தலைகீழ். மலேசியாவில் டயாலிசிஸுக்குப் போகிறவர்களிடம் முதன்மைக் காரணம் இனிப்புநீர். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தினால், தகுந்த மாத்திரை எடுத்தால், சேதத்தின் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் நாம் பார்ப்பதில்லை. காலையில் கண்ணைச் சுற்றி வீங்கினால் "தூக்கம் பத்தல" என்கிறோம். கணுக்காலில் செருப்பு வார் பதிந்தால் "ரொம்ப நேரம் நின்னுட்டேன்". ராத்திரி நாலு தடவை எழுந்தால் "வயசாச்சுல்ல".

இவை எல்லாமே சிறுநீரக நோய்தான் என்று நான் சொல்லவில்லை. வேகமாகப் போனாலும் நுரைக்கும். நாள் தவறாமல் நுரை வந்து, தண்ணீர் ஊற்றியும் போகாமல் நின்றால் சோதித்துவிடுவது நல்லது. பலருக்கு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. ஆகவே இனிப்புநீரோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் நுரைக்காகக் காத்திருக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், இரண்டையும் கிளினிக்கில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ இனிப்புநீருக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? கடைசியாக எப்போது சிறுநீர் சோதித்தார்கள் என்று இன்றைக்கே கேளுங்கள்.